டிரைவர் இல்லாத காரின் விளக்கைப் படிப்பது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் 28 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். லாரி, பஸ், டிராக்டர், பைக் என்று எது வந்து நின்றாலும் பாதி வேலை விளக்கு வேலைதான். போன வருடம் நானும் வீட்டம்மாவும் மகள் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்தோம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லர் என்கிற ஊர். வெயில் விஷயத்தில் வேலூருக்கு அண்ணன். விடியற்காலையில் நடந்தால்தான் உண்டு. அப்படி நடக்கக் கிளம்பிய முதல் நாளே, தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து எங்களுக்காக நின்றது. ஸ்டீரிங் இருக்கிறது, ஆள் இல்லை. வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாங்க இது, யார் மூஞ்சியப் பார்த்துத் தாண்டுறது?" என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பெரிய கார் கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் பத்து வருடத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. ஊருக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர் சிலர் கடைக்கே வந்து என்னிடம் இதைக் கேட்டார்கள். காட்பாடியிலிருந்து ஒருவர், பாகாயத்திலிருந்து ஒருவர், குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பதி. அவர்களை ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாடு போகாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

முதலில் ஆரணி ரோடு

சாண்ட்லர் போவதற்கு முன் ஆரணி ரோட்டைப் பார்க்கலாம். 1999. என் மச்சான் மொபெட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். லாரியின் வலது இண்டிகேட்டர் எரிந்தது. நம் பக்கத்து ரோடுகளில் அதற்கு என்ன அர்த்தம்? சில டிரைவர்களுக்கு "எதிரே வண்டி இல்லை, வலது பக்கமாக ஏறிப் போ" என்று அர்த்தம். வேறு சிலருக்கு அதே விளக்கு "எதிரே வண்டி வருது, ஏறாதே". புத்தகத்தில் இருக்கிற அர்த்தம் மூன்றாவது: "நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன்". மச்சான் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு ஏறினான். லாரி மூன்றாவது அர்த்தப்படி ஒரு அரிசி மில் சந்துக்குத் திரும்பியது. தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். இன்றைக்கும் அவனால் பந்தியில் கீழே உட்கார முடியாது.

அந்த டிரைவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் செய்தது சட்டப்படி சரி. ஒரே விளக்கை ஆளுக்கொரு பாஷையில் படித்ததுதான் கோளாறு. அதற்கப்புறம் கடைக்கு வரும் ஒவ்வொரு விளக்கையும் நான் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். தன்னைப் பற்றிச் சொல்லும் விளக்கு ஒன்று: "நான் பிரேக் மிதித்திருக்கிறேன்", "நான் திரும்புகிறேன்", "நான் பின்னால் வருகிறேன்". நம்மை ஏவும் விளக்கு இன்னொன்று: "நீ ஏறிப் போ", "நீ தாண்டு", "நீ நில்". முதல் வகையை நம்பி ஓட்டலாம். இரண்டாம் வகையை நம்பிக் காலை எடுத்து வைக்கக் கூடாது. நமக்கு விளக்குப் போடுகிறவருக்கு அவர் வண்டி தெரியும்; அடுத்த பக்கம் என்ன வருகிறது என்பதற்கு அவர் பொறுப்பாளி இல்லை.

லைட் அடிப்பதும் அப்படித்தான். பாலாற்றுப் பாலத்தில் எதிரே வருகிற பஸ் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தால், "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று நமக்குப் புரியும். இங்கிலாந்து ரோட்டில் அதே சைகையைப் பலர் "நீங்கள் முதலில் போங்கள்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்டு சாலை விதிப் புத்தகமோ, லைட் அடிப்பது "நான் இங்கே இருக்கிறேன்" என்று தெரிவிக்க மட்டும்தான் என்கிறது. நம் ஊரில் ஓட்டிப் பழகியவர் அங்கே போய் ஓட்டினாலும், அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து ஓட்டினாலும் இந்த ஒரு விஷயத்தில் உயிர் போகலாம். பிள்ளை வீட்டில் கார் ஓட்டப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகம் இல்லாத இடத்தில் என்ன வைப்பது?

வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவில் நாம் எப்படி ரோட்டைத் தாண்டுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். கையைக் கொஞ்சம் தூக்குவோம். டிரைவர் கண்ணைப் பிடிப்போம். அவர் தலையை லேசாக ஆட்டுவார், அல்லது கியரைக் குறைப்பார், அது காதில் விழும். பிறகு நடப்போம். சிக்னலைவிட அந்தத் தலையாட்டல்தான் நமக்குப் பெரிய சிக்னல். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இல்லாத காரில் இது மொத்தமும் போய்விடுகிறது. மின்சாரக் கார் என்றால் எஞ்சின் சத்தமும் கிடையாது.

அந்தக் குறையை எதைக் கொண்டு நிரப்புவது என்று பலரும் முயன்றார்கள். மெர்சிடிஸ் கம்பெனி 2015இல் காட்டிய எஃப் 015 என்ற மாதிரிக் கார், முன்னால் ரோட்டின் மேலேயே லேசரால் வரிக்குதிரைக் கோடு வரைந்து காட்டியது. அடுத்த வருடம் ஸ்வீடன் நாட்டு செம்கான் நிறுவனம், பாதசாரியைப் பார்த்ததும் காரின் முகப்பில் ஒரு புன்னகைக் கோடு ஒளிரும்படி ஒன்றைச் செய்து காட்டியது. 2018இல் ஜாகுவார் லேண்ட் ரோவர், சிறிய வண்டி ஒன்றுக்குப் பெரிய இரண்டு கண்கள் வைத்து, அந்தக் கண் நம்மைத் திரும்பிப் பார்க்கிறதா என்று காட்டினால் மக்களுக்கு நம்பிக்கை வருகிறதா என்று சோதித்தது.

இவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபோர்டு கம்பெனியும் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிலையமும் சேர்ந்து 2017இல் செய்த சோதனை. கார் தானாக ஓடவில்லை. டிரைவரை சீட்டு போலவே தைத்த உறைக்குள் உட்கார வைத்து ஓட்டினார்கள். வெளியே இருந்து பார்த்தால் காலி சீட்டுதான் தெரியும். முன் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு வெள்ளை விளக்குப் பட்டை. அது நிலையாக எரிந்தால் "கார் தானாக ஓடுகிறது". இரண்டு வெள்ளை வெளிச்சம் பக்கவாட்டில் போய் வந்தால் "நிற்கப் போகிறேன், வழி விடுகிறேன்". படபடவென்று துடித்தால் "கிளம்பப் போகிறேன்". மூன்றும் காரைப் பற்றிய செய்தி. எதுவும் நம்மை ஏவவில்லை. ஆரணி ரோட்டில் நான் பட்டுப் படித்ததை அவர்கள் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

எழுத்து ஏன் சரிப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். டெக்ஸாஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோ நகரில் 2018இல் டிரைவ் டாட் ஏஐ என்ற நிறுவனம் விட்ட ஆரஞ்சு நிற வேன்களில் எழுத்துப் பலகையே இருந்தது. "நீங்கள் தாண்டக் காத்திருக்கிறேன்" என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஓடும். நல்ல எண்ணம்தான். ஆனால் "நீங்கள்" என்றால் யார்? ரோட்டின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளை, நடுவில் சைக்கிள்காரர். மூன்று பேரும் தனக்குத்தான் சொல்கிறது என்று இறங்குவோம். வண்டி ஒருவரைத்தான் பார்த்திருக்கும். எங்கள் வீட்டம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்; அவள் படித்து முடிப்பதற்குள் பலகை மாறிவிடும். ஆகவே எழுத்துப் பலகை இருந்தால் பாருங்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மயில்கழுத்து நிற விளக்கு

இனி நீங்கள் பார்க்க நேரலாம் என்கிற விளக்கு இது. பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில், பட்டுப் புடவைக் கடையில் மயில்கழுத்து என்பார்களே, அந்த நிறம். முன் விளக்கிலும் பின் விளக்கிலும் பக்கக் கண்ணாடியிலும் எரியும். 2023 டிசம்பரில் மெர்சிடிஸ், கலிபோர்னியா, நெவாடா இரண்டு மாநிலங்களிலும் இதற்கு அனுமதி வாங்கியது. அந்தக் காரில் ஆள் இருப்பார், ஆனால் குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், நெரிசலில், மணிக்கு 64 கிலோமீட்டருக்கு உள்ளே கம்ப்யூட்டரே ஓட்டும். உள்ளே இருப்பவர் ரோட்டைப் பார்க்காமல் வேறு வேலை பார்க்கலாம். வெளியே இருப்பவருக்கும் போலீசுக்கும் அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விளக்கு.

ஏன் இந்த நிறம் என்று ஒரு எலக்ட்ரீஷியனாக எனக்கு முதலில் தோன்றிய கேள்வி. வேறு நிறம் மிச்சம் இல்லை என்பது பாதிப் பதில். சிவப்பு பிரேக்குக்கு. ஆரஞ்சு இண்டிகேட்டருக்கு. வெள்ளை முன்னால் எரிவதற்கும் ரிவர்ஸுக்கும். பச்சை சிக்னலுக்கு. நீலம் போலீசுக்கும் ஆம்புலன்ஸுக்கும். எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இந்த நீலப்பச்சைதான் இருக்கிறது.

மீதிப் பாதிப் பதில் நம் கண்ணுக்குள் இருக்கிறது. இதை உங்கள் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். சாயங்காலம் ஆறே கால் மணிக்குச் செம்பருத்திச் செடி பக்கத்தில் நில்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போது சிவப்புப் பூதான் பளிச்சென்று இருக்கும், இலை பின்னால் போய்விடும். இருட்ட இருட்ட, பூ கறுத்துக்கொண்டே போகும். இலை இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சமாகத் தெரியும். பகலில் நம் கண்ணுக்குக் கூர்மை அதிகம் உள்ள ஒளியின் அலைநீளம் 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. இருட்டில் அது 507 நானோமீட்டருக்கு, நீலம் கலந்த பச்சைக்கு நகர்ந்துவிடுகிறது. விபத்து அதிகம் நடக்கும் அந்த மங்கலான நேரத்தில் சிவப்பு மங்கும், மயில்கழுத்து நிற்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இந்த விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "இப்போது ஓட்டுவது கம்ப்யூட்டர்." உங்களைப் பார்த்துவிட்டேன் என்றோ, உங்களுக்காக நிற்பேன் என்றோ அது சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், விளக்கு என்றாலே நமக்கு ஏதோ அனுமதி மாதிரித் தோன்றும்.

இங்கே ஒரு வேண்டுகோள். கல்லூரிப் பிள்ளைகள் பைக்குக்கு இந்த நிறத்திலேயே எல்.இ.டி. பட்டை ஒட்டித் தரச் சொல்லி வருகிறார்கள். நான் ஒட்டுவதில்லை. ஒரு நிறத்துக்கு ஒரே அர்த்தம் இருக்கும்வரைதான் அது பேசும். எல்லாரும் அழகுக்குப் போட்டுக்கொண்டால் அந்த நிறம் ஊமையாகிவிடும். பக்கத்து டிங்கர் பாய் கடையிலும் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் ஒட்டுவதில்லை.

தாண்டும்போது செய்ய வேண்டியது

சாண்ட்லரில் ஓடுவது வேமோ என்கிற கம்பெனி கார்கள். வெள்ளை நிறம், கூரையில் கறுப்புக் கூம்பு, மூலைகளில் சின்னச் சின்ன உருண்டைகள். ஃபீனிக்ஸ் பக்கம் 2020 அக்டோபரிலிருந்தே டிரைவர் இல்லாமல் பொதுமக்களை ஏற்றுகின்றன. நான் பார்த்தவற்றில் மயில்கழுத்து விளக்கு இல்லை. கூரைக் கூம்பில் சின்னத் திரை உண்டு. அழைத்தவர் தன் வண்டியை அடையாளம் கண்டுகொள்ள அவர் பெயரின் முதல் எழுத்துகள் அதில் ஒளிரும். பாதசாரிக்கு வழிவிட்டு நிற்கும்போது, பின்னால் வருகிற வண்டிக்காரர்களுக்கு நடக்கிற ஆள் உருவம் காட்டும். மற்றபடி இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் நாம் அறிந்தவைதான்.

முதல் வேலை: நம் கழுத்தை மாற்றிப் பழக்க வேண்டும். இங்கே முதலில் வலது பக்கம் பார்த்துத் தாண்டுகிறோம். அங்கே வண்டி வலது ஓரமாக ஓடுவதால் முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். இதற்கே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. மகள் வீட்டு வாசலில் தினமும் காலையில் பத்து முறை இடம், வலம், மறுபடி இடம் என்று திரும்பிப் பழகினோம். பேத்தி எங்களோடு சேர்ந்து எண்ணுவாள்.

அப்புறம், தாண்டும் இடத்தின் ஓரத்தில் நின்று, உங்கள் உடம்பால் தெளிவாகச் சொல்லுங்கள். ரோட்டைப் பார்த்து நேராக நில்லுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டு, ஒரு கால் ரோட்டிலும் ஒரு கால் நடைபாதையிலுமாக நிற்காதீர்கள். வண்டி உங்கள் நிற்பையும் நடையையும் வைத்துத்தான் நீங்கள் இறங்குவீர்களா மாட்டீர்களா என்று கணக்குப் போடுகிறது. இறங்க மனசு இல்லையென்றால் இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள், அது போய்விடும்.

வண்டி வரும்போது விளக்கைப் பார்க்காதீர்கள். சக்கரத்தைப் பாருங்கள். இதுதான் நான் வீட்டம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது. பிரேக் பிடித்தால் எந்தக் காரின் மூக்கும் கொஞ்சம் கீழே இறங்கும். முழுதாக நின்றதும் மூக்கு மறுபடி ஒரு விரற்கடை எழும்பும். சக்கரத்தின் ஆரக்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், நகராது. மூக்கு எழும்பி, ஆரக்கால் நின்றுவிட்டால் வண்டி நின்றுவிட்டது. அதற்கு முன் "மெதுவாகத்தானே வருகிறது" என்று இறங்க வேண்டாம். ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: காரில் என்ன திரை வைத்தாலும் பாதசாரிகள் கடைசியில் வேகத்தையும் இடைவெளியையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் ஒரு வேனில் திரைகளை மாட்டிச் சோதித்தபோதும் அப்படித்தான் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய கலை. கிரீன் சர்க்கிளில் தாண்டத் தெரிந்தவருக்கு வண்டியின் வேகத்தைக் கணிக்கத் தெரியும். அதை அங்கேயும் பயன்படுத்துங்கள்.

சக்கரத்துக்கு அடுத்ததாக இண்டிகேட்டர். அங்கே சிவப்பு சிக்னலிலும் நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பிக்கொள்ள வண்டிகளுக்கு அனுமதி உண்டு. நமக்கு நடக்கும் வெள்ளை ஆள் உருவம் எரியும். அதே நேரம் பக்கத்தில் ஒரு கார் வலது இண்டிகேட்டரோடு நிற்கும். அந்த மூலையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இன்னொரு சங்கதி: அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பின் இண்டிகேட்டர் ஆரஞ்சு இல்லை, சிவப்பு. பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே விளக்காக இருப்பதும் உண்டு. அந்த நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறது. நம் கண்ணுக்கு அது ஏதோ பிரேக் மிதித்து மிதித்து விடுவது போலத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் துடித்தால் திரும்பப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ரோட்டில் இரண்டு வரிசை இருந்தால், உங்களுக்காக நின்ற வண்டிக்கு அப்பால் உள்ள வரிசையைத் தனியாக எட்டிப் பார்க்க வேண்டும். நின்றது கம்ப்யூட்டராக இருக்கலாம். அடுத்த வரிசையில் வருபவர் அவசரத்தில் வேலைக்குப் போகிற மனுஷர்.

நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து துடித்தால் அது "நான் நிற்கிறேன், எனக்காகக் காத்திருக்காதே". நம் ஊரில் பலர் நேராகப் போவதற்கும், மழைக்கும் இதைப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், உங்கள் இண்டிகேட்டர் அப்போது வேலை செய்யாமல் போகிறது. டிரைவர் இல்லாத வண்டிகள் இதை நேரான அர்த்தத்தில்தான் போடும். 2022 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில், இரவில் ஹெட்லைட் எரியாமல் போன ஒரு ஆளில்லாக் காரைப் போலீஸ் மறித்தது. அது கொஞ்சம் தள்ளிப் போய், நிற்க வாகான இடத்தில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு நின்றது. அப்படி நிற்கிற வண்டியின் முன்னால் தாண்டாதீர்கள். எப்போது கிளம்பும் என்று அதன் உடம்பில் எந்தக் குறியும் இருக்காது.

தாண்டி முடித்ததும் வீட்டம்மா அந்தக் காலி சீட்டைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் நடப்பாள். நான் தடுக்கவில்லை. நன்றி சொல்லும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

இங்கேயே இருப்பவர்களுக்கு

நம் நாட்டில் டிரைவர் இல்லாத கார்களை அனுமதிக்க மாட்டோம், பலர் வேலை போய்விடும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலேயே சொன்னார். என் கடைக்குச் சோறு போடுவது டிரைவர்கள்தான், எனக்கு அதில் சம்மதமே. ஆனால் பாதி வேலையைத் தானே செய்யும் கார்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் டிரைவர் மிதிக்காமலே பிரேக் போடும் கார்கள் நம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தினமும் ஓடுகின்றன. அவற்றுக்கு வெளியே தனி அடையாள விளக்கு எதுவும் இல்லை. பள்ளிகொண்டா பக்கம் ஒரு ஆடு குறுக்கே வந்தால் அந்தக் கார் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே நிற்கும். பின்னால் பைக்கில் ஒட்டிப் போகிறவர் நேராகப் போய் டிக்கியில் மோதுவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16, 17 மீட்டர் போகிறோம். இரண்டு நொடி இடைவெளி என்றால் 33 மீட்டர், கிட்டத்தட்ட மூன்று பஸ் நீளம். அந்த இடைவெளியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சில கார்களில், 50 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது பலமாகப் பிரேக் விழுந்தால், பின் விளக்கு நொடிக்கு நாலு முறை அளவில் படபடவென்று துடிக்கும். சாதாரண இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைதான் துடிக்கும், அதாவது நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு. வேகமாகத் துடிக்கிற சிவப்பைப் பார்த்தால் ஏன் எதற்கு என்று யோசிக்காமல் உடனே பிரேக்.

இப்போது திருப்பிப் பாருங்கள். அந்தக் கார்கள் நம்மையும் பார்க்கின்றன. தூரத்தை அளக்கும் ரேடாருக்கும் லேசருக்கும் நிறம் தெரியாது. நம் பிரேக் லைட்டின் சிவப்பைப் படிப்பது கேமரா. மனுஷ டிரைவர் என்றால் "ஆரணி லாரி, பல்பு போயிருக்கும்" என்று அனுசரித்துக்கொள்வார். கேமராவுக்கு எரிகிற விளக்குதான் விளக்கு. ஆகவே நம் வண்டி சரியாகப் பேச வேண்டும். கடையில் நான் தினமும் பார்க்கிற மூன்று கோளாறுகளைச் சொல்கிறேன்.

பழைய வண்டிகளின் பின் விளக்கில் இரட்டை இழை பல்பு இருக்கும். 5 வாட் இழை எப்போதும் எரிவதற்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. அதன் பித்தளைக் கழுத்தில் இரண்டு முளைகள் உண்டு, ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. ஒரே விதத்தில்தான் உள்ளே போக வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் மாற்றித் திருப்பி அழுத்திச் செருகிவிடுகிறார்கள். அப்போது எப்போதும் 21 வாட் எரியும், பிரேக் மிதித்தால் வெறும் 5 வாட் கூடும். பின்னால் வருகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. வண்டி நாள் முழுக்க "பிரேக், பிரேக்" என்று கத்திக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; உண்மையிலேயே மிதிக்கும்போது யார் கேட்பார்கள்?

அடுத்தது எர்த் கோளாறு. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே துடிக்கும். ஹோல்டரில் துரு ஏறி மின்சாரம் பாடிக்கு இறங்க வழியில்லாமல், பக்கத்து இழை வழியாகத் திரும்பிப் போகிறது. ஒரு விளக்கு இன்னொரு விளக்கின் வார்த்தையைப் பேசுகிறது. பல்பை மாற்றி மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து இறுக்குங்கள். பத்து நிமிட வேலை.

மூன்றாவது, சந்தையில் விற்கும் மலிவான எல்.இ.டி. நல்ல எல்.இ.டி.யில் ஒரு பெரிய நன்மை உண்டு: பழைய இழை சூடாகி முழுதாக எரிய எடுக்கும் 0.2 நொடி இதில் மிச்சம். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு மூன்று மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. ஆனால் மலிவான சிலவை மிக வேகமாக அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது. உங்கள் போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், விளக்கு மின்னி மின்னித் தெரிந்தால் அதுதான். கார் கேமராவும் அணைந்த நொடியில் படம் பிடித்துவிடலாம். அதைத் தாங்கும் கேமராக்கள் வந்திருக்கின்றன, ஆனாலும் நம் பக்கத்தை நாம் சரி செய்து வைப்போம்.

பைக் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்ச் வைத்துத் தரச் சொல்லி இன்னும் சிலர் வருகிறார்கள். 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் முன் விளக்கு எப்போதும் எரியும்படிதான் வருகிறது. பேட்டரி வீணாகிறது என்கிறார்கள். அந்த விளக்கு பகலில் பாதையைக் காட்டுவதற்கு இல்லை. "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்வதற்கு. அதை வெட்டிவிடும் வேலையை நான் செய்வதில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியைக் காம்பவுண்டு சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி நிறுத்துவோம். வீட்டம்மா சீட்டில் உட்காருவாள். முதலில் டெயில் லைட் மட்டும், சுவரில் இரண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பு விழ வேண்டும். பிறகு பிரேக், சிவப்பு சட்டென்று பல மடங்கு கூட வேண்டும். பிரேக்கை விடாமலே இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர். துடிக்கிற பக்கத்தைத் தவிர வேறு எதுவும் அசையக் கூடாது. துடிப்பு வழக்கத்தைவிட வேகமாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது. கடைசியில் ரிவர்ஸ், வெள்ளை. மொத்தம் ஐந்து நிமிடம். தனியாக இருந்தால் உங்களுக்கு ஆளே தேவையில்லை, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பக்கக் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.